மார்லிஸ் வார்த்த குண்டுகள்

மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "பல் கட்டுற இடத்துல இருக்கா" என்று சொல்லிவிட்டு வெர்லின் ஹாகன் வேறு பேச்சுக்குப் போய்விடுவான். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆகியும் அதற்கு மேல் அவனுக்கே தெரியாது. காலையில் ஏழு மணிக்கு மார்லிஸ் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவாள். ஐந்து மணிக்குத் திரும்பும்போது சட்டைக் கையில் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். அவன் தானியக் கிடங்கிலிருந்து அரைமணி நேரம் கழித்து வருவான். சாப்பிடும்போது கோதுமை விலை, மழை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று பேசிக்கொள்வார்கள். கிழக்கு மொன்டானாவில் அதுவே நிறையப் பேச்சு.

அந்தப் பிஸ்டல் வீட்டுக்கு வந்தது தீயணைப்புப் படையினர் நடத்திய குலுக்கலில். வெர்லினுக்கு ஆசை இரண்டாம் பரிசான பெரிய ஃப்ரீஸர் மேல். விழுந்ததோ முதல் பரிசு, அதுவும் மார்லிஸ் வாங்கிய சீட்டுக்கு. உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு குட்டித் துப்பாக்கி. பன்னிரண்டு வயதிலிருந்து ரைஃபிள் தூக்கி மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"இதால சுட்டா மான் திரும்பிப் பார்த்து, யாராவது கூப்பிட்டீங்களான்னு கேக்கும்" என்றான்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கூடவே கொடுத்த இரண்டு பெட்டித் தோட்டாவை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே பழைய சரளைக்கல் குழிக்குப் போனாள். ஊர் துப்பாக்கிக் கிளப்புக்கு அதுதான் இடம். கிழக்குப் பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்சுவர், மேற்குப் பக்கம் நாலு மேசை. ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தாள். ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை.

பிறகுதான் நாடு முழுக்கக் கடைகளில் தோட்டா இல்லாமல் போனது. பெரிய துப்பாக்கிகளுக்காவது எப்போதாவது நாலு பெட்டி வரும். இந்தக் குட்டிப் பிஸ்டலின் அளவில் ஒன்றுகூட வரவில்லை. கடைக்காரர் கிறிஸ்துமஸ் கழித்து வாருங்கள் என்றார். கிறிஸ்துமஸ் கழிந்ததும், கோடை போகட்டும் என்றார். நாலாவது தடவை வெறுங்கையோடு திரும்பிய அன்று, மார்லிஸ் காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெர்லின் ஜன்னல் பக்கம் போய் என்ன என்று கேட்டான்.

"நானே பண்ணிக்கிறேன்."

"எதை?"

"தோட்டாவை."

நல்லவேளை, சுட்ட வெற்றுக்கூடுகளை அவள் முதல் நாளிலிருந்தே புல்லுக்குள் தவழ்ந்து பொறுக்கி ஒரு காப்பி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். சுண்டுவிரல் நுனி அளவு பித்தளைக் கூடுகள். கூடு இருக்கிறது. திரிபோல முதலில் பற்றுகிற கேப்பும், வெடிமருந்தும் ஒரு நண்பர் மூலம் கிடைத்தன. இல்லாதது குண்டு மட்டும். டயர் கடையில் சக்கரத்தைச் சமன்படுத்த ஒட்டுகிற ஈயக் கட்டிகளில் பழையதை ஒரு வாளி வாங்கி வந்தாள். குண்டு வார்க்கிற அச்சையும், குண்டைக் கூட்டுக்குள் அழுத்துகிற கைநெம்புக் கருவியையும் தபாலில் வரவழைத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க மூன்று புத்தகங்களை அடிக்கோடு போட்டுப் படித்தாள்.

பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை காலை காரேஜின் இரண்டு கதவையும் காற்றுக்காகத் திறந்து வைத்து ஈயம் காய்ச்சினாள். வேடிக்கை பார்த்துக் கேலி செய்யலாம் என்று வெர்லின் ஒரு மடக்கு நாற்காலியையும் குளிர்ந்த பீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே அவள் நிறுத்திவிட்டாள். தடித்த கண்ணாடி, தோல் கையுறை, நீளக்கை சட்டை. அவளை அந்தக் கோலத்தில் அவன் பார்த்ததே இல்லை.

"பாட்டிலை வெளியே வை. அதுல வேர்த்திருக்கு பாரு, அந்த ஒரு சொட்டு இதுக்குள்ள விழுந்தா மொத்த ஈயமும் கூரைக்குப் போகும். அப்புறம் நம்ம மேல இறங்கும்."

அவன் பாட்டிலை வெளியே வைத்துவிட்டு வந்தான். அழுக்கைப் பிரிக்க அவள் சட்டியில் ஒரு துண்டு மெழுகைப் போட்டாள். புகைந்து, மஞ்சளாகக் குப்பென்று எரிந்து அடங்கியது. கரண்டியால் மேலே மிதந்த சாம்பல் கசடை ஒதுக்கினாள். கசடு விலகிய இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பரப்பு. காரேஜ் விளக்கும் அவள் முகமும் அதில் தெரிந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் மெல்லிய ஏடு ஒன்று படர்ந்து முதலில் பொன்னிறமாகி, பிறகு கத்தரிப்பூ நிறமாகி, நீலத்துக்குப் போனது. டயர் கடையில் சேறோடு கிடந்த சாமான்தான் இது. வெர்லின் நாற்காலியில் உட்கார மறந்து நின்றான்.

முதலில் வந்த குண்டுகள் சுருக்கம் விழுந்து, வற்றிய திராட்சை மாதிரி இருந்தன. அவள் முகம் சுளிக்காமல் அவற்றைத் திரும்ப சட்டியில் போட்டாள். அச்சு இன்னும் சூடேறவில்லை என்றாள். பத்துப் பன்னிரண்டு முறை ஊற்றிய பிறகு அச்சைத் திறந்தபோது, மடித்துப் போட்ட பழைய பருத்தித் துண்டின்மேல் இரண்டு குண்டுகள் டப் டப் என்று விழுந்தன. அடிப்பக்கம் தட்டையாக, விளிம்பு கூர்மையாக, புது நாணயம் போல மின்னின. அதற்குப் பிறகு அவள் கை ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. ஊற்றுவாள். மேலே நிற்கிற ஈயக்குட்டை உறைந்து மங்குகிறவரை காத்திருப்பாள். வெட்டுவாள். திறப்பாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஈயத்தின் நிறத்தை மட்டும் பார்த்தாள்.

"இதெல்லாம் புத்தகத்துல படிச்சா வந்துடுமா?" என்று அவன் கேட்டான்.

"புத்தகமா? தினமும் பத்துப் பல்லு வார்க்கிறேன். மெழுகுல பல்லு செதுக்கி, மாவுல புதைச்சு, மெழுகை உருக்கி எடுத்துட்டு, அந்தப் பள்ளத்துல தங்கமோ வேற உலோகமோ ஊத்துறது. அதைவிட இது சுலபம்."

"நீயா? டாக்டர் இல்லையா?"

"டாக்டர் வாயில வைப்பாரு. பண்றது நான்." அச்சைத் திறந்து இரண்டு குண்டுகளைத் தட்டிவிட்டு, "உன் வலதுபக்கக் கடைவாயில இருக்கே தங்கப்பல்லு, அது யாரு செஞ்சதுன்னு நினைச்சே?" என்றாள்.

வெர்லின் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தான். பதினாறு வருஷமாக அதில் மென்றுகொண்டிருக்கிறான். ஒரு நாள்கூட உறுத்தியதில்லை. அதனாலேயே அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

அன்றிலிருந்து கேலி குறைந்தது என்று சொல்ல முடியாது. வேடிக்கை பார்ப்பது மட்டும் கூடியது.

வார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவன் நினைத்தான். உண்மையில் அங்கேதான் வேலை ஆரம்பித்தது. பிஸ்டலின் குழலுக்குள் மென்மையான ஈயத்துண்டைத் தட்டித் தள்ளி, மறுபக்கம் விழுந்ததை அளந்தாள். குண்டு குழலைவிடத் தலைமயிரில் சிறு பங்கு அதிகமாக இருக்கவேண்டுமாம். குறைந்தால் வாயு பக்கவாட்டில் பீறி ஈயத்தை உருக்கிக் குழல் முழுக்கப் பூசிவிடும். மிஞ்சினால் தோட்டா அறைக்குள் இறங்காது. இந்தச் சின்னஞ்சிறு பிஸ்டல் ஒவ்வொரு முறை சுடும்போதும் தானாகவே பழைய கூட்டை வெளியே எறிந்து, புதுத் தோட்டாவைக் கீழேயிருந்து தூக்கி, சரிவில் ஏற்றி, உள்ளே தள்ளி, கதவைச் சாத்திக்கொள்கிறது. கண் இமைக்கிற நேரத்துக்குள் இத்தனையும் நடக்கிறது. குண்டின் மூக்கு கொஞ்சம் நீண்டிருந்தால் சரிவில் முட்டி நின்றுவிடும்.

முதல் குண்டுகள் அப்படித்தான் நின்றன. எங்கே முட்டுகிறது என்று தெரியவில்லை. மறுநாள் மார்லிஸ் வேலையிடத்திலிருந்து ஒரு நீலக் காகிதத் துண்டு கொண்டுவந்தாள். பல் கட்டிய பிறகு நோயாளியைக் கடிக்கச் சொல்லி, எந்த இடம் தூக்கலாக இருக்கிறது என்று பார்க்கிற காகிதம். அதைக் குண்டின் மூக்கில் தேய்த்து நீலம் ஏற்றி, மருந்தில்லாத தோட்டா ஒன்றைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளி எடுத்தாள். தோளோரம் ஒரு கீற்று நீலம் அழிந்திருந்தது.

"இதோ, இங்கதான் கடிக்குது" என்றாள், பிஸ்டலுக்கும் வாய் இருப்பது போல.

குண்டைக் கூட்டுக்குள் இன்னும் துளி ஆழமாக அழுத்தினாள். ஆழம் கூடினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும் என்பதால், வெடிமருந்தைப் புத்தகம் சொன்ன கடைசிக் கீழ் அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஐந்து ஐந்தாகச் செய்து, சிறு பெட்டிகளில் போட்டு, மேலே பென்சிலால் எழுதினாள். ஞாயிறன்று குழியில் முதல் ஐந்தும் பாதி வேலைதான் செய்தன. குண்டு போயிற்று. ஆனால் பிஸ்டலுக்குத் தன் கதவைத் திறந்து மூடுகிற பலம் வரவில்லை. வெற்றுக்கூடு வாயில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக மாட்டிக்கொண்டு நின்றது. கிளப்பின் சாவியை வைத்திருக்கிற கோர்டி, எழுபத்து மூன்று வயதுக்காரர், தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா மார்லிஸ், அது சுருட்டு குடிக்குதா?" என்று கேட்டார்.

"பொறுங்க, அடுத்த வாரம் துப்பிடும்" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு துப்பியது. அதற்கடுத்த வாரம் மூன்று. ஒரேயடியாகக் கூட்டிவிட்டால் என்ன என்று வெர்லினுக்குப் பொறுமை போயிற்று. அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் உப்புக் கல் அளவு கூட்டினாள். சுட்ட கூடுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து நோட்டில் எழுதினாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. அன்றைய பெட்டியில் நாற்பத்து நாலு தோட்டா. பத்தொன்பது நன்றாகப் போயின. வெற்றுக்கூடுகள் வலப்பக்கம் துள்ளி விழ, வெர்லின் அவள் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். இருபதாவது "டப்" என்று சன்னமாக ஒரு சத்தம் போட்டது. பிஸ்டல் அசையவில்லை. அவனுக்கு வழக்கமான கோளாறு என்று தோன்றியது.

"மாட்டிக்கிச்சு. இழுத்து விட்டுட்டு அடுத்ததைச் சுடு" என்றான்.

சொன்னது பழக்கத்தில். வேட்டையில் ஒரு தோட்டா ஏமாற்றினால் அடுத்ததைத் தள்ளுகிற பழக்கம். மார்லிஸ் அசையவில்லை. தாமதமாக வெடித்துவிடலாம் என்று குழலை மண்சுவர் பக்கமே பிடித்தபடி அரை நிமிஷம் நின்றாள். பிறகு தோட்டா அடுக்கிய மேகசினை உருவினாள், கதவை இழுத்துக் கூட்டை எடுத்தாள், பிஸ்டலைப் பிரித்து மேசையில் வைத்தாள். பையிலிருந்து ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்துக் குழலின் வாய் வழியே விட்டாள். பாதியில் நின்றது.

குச்சியை விரலால் பிடித்து வெளியே எடுத்து, எவ்வளவு தூரம் போயிற்று என்று அவனுக்குக் காட்டினாள். கோர்டி வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்ததைச் சுட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிவிட்டார்.

வெர்லின் அவள் கைகளைப் பார்த்தான். அவன் சொன்னபடி செய்திருந்தால், அடைபட்ட குழலில் அடுத்த குண்டு முட்டி, அந்த இரண்டு கைகளுக்கு நடுவே இரும்பு வெடித்திருக்கும். பத்து விரலும் இருந்தன. நகக்கண்களில் வெள்ளை மாவு.

கேப்பு மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதி தள்ளியிருக்கிறது. அந்த ஒரு கூட்டில் மருந்தே போடவில்லை. வழியெல்லாம் எப்படி விட்டுப்போயிற்று என்று அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். வெர்லினுக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் மேசையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, கடுகுச் சாஸ் பாட்டில் எங்கே என்று கேட்டுக்கொண்டு காரேஜுக்குள் போனவன் அவன். தலையைத் திருப்பாமல் பதில் சொன்னவளிடம், ஹாட் டாக் ரொட்டி தீர்ந்துவிட்டது என்றும் ஒரு கதையைச் சொல்லிவிட்டு வந்தான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அதைச் சொன்னான்.

"நீ கேட்டே, நான் பதில் சொன்னேன். விளக்கை வச்சு ஒவ்வொரு கூடா உள்ளே பார்த்திருக்கணும். பார்க்கலை. தப்பு என்னுது" என்றாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மீதி இருபத்து நாலு தோட்டாவையும் சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் வைத்துத் தட்டித் தட்டிப் பிரித்தாள். வெர்லின் எதிரில் உட்கார்ந்து குண்டு, கூடு, மருந்து என்று தனித்தனியாக வாங்கி வைத்தான். ஒவ்வொன்றிலும் மருந்து சரியாக இருந்தது. அந்த ஒன்றுதான். ஒரு தோட்டாவின், இரண்டு மிளகு அளவே வருகிற அந்தத் தூளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். இவ்வளவு சொற்பத்துக்குள் ஒரு கையை எடுத்துக்கொண்டு போகிற பலமும், இல்லாமல் போனால் அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது என்பது அவன் மூளைக்குள் ஏற மறுத்தது. நாற்பத்தாறு வருஷமாகப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சுட்டவன், ஒரு தோட்டாவைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

அக்டோபர் முழுக்க பீட்கிழங்கு அறுவடை. வெர்லின் லாரி ஓட்டப் போய்விட்டான். மார்லிஸ் தனியே புதிதாக வார்த்து, புதிதாக நிரப்பினாள். நவம்பர் முதல் ஞாயிறு, மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில் இருவரும் குழிக்குப் போனார்கள். மண்சுவர் நனைந்து கறுத்திருந்தது. மேற்கே சூரியன் தாழ்ந்து, மேசைகளுக்குப் பின்னாலிருந்து நேராகச் சுவர்மேல் அடித்தது. பக்கவாட்டில் லேசான காற்று.

முதல் ஏழும் தடையில்லாமல் போயின. அடுத்த ஏழும் போயின. குறிவைத்த காகிதத்தில் பதினாலு ஓட்டைகளை ஒரு காப்பித் தட்டால் மூடலாம். கோர்டி எண்ணிப் பார்த்துவிட்டு, இனிமேல் தனக்கும் சேர்த்து வார்த்துக் கொடுக்கும்படி கேட்டார். மார்லிஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுவரடியில், எழுபது கஜம் தள்ளி, ரைஃபிள்காரர்கள் தொங்கவிட்ட இரும்புத் தட்டு ஒன்று இருந்தது. அதை அடித்துப் பார்க்கிறேன் என்றாள். இந்தப் பொம்மைக்கு அது நடக்கிற காரியமில்லை. எங்கே விழுகிறது என்று சொல்வதற்காக வெர்லின் அவள் வலத்தோளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

அவள் சுட்டாள். தட்டுக்கும் அவனுக்கும் நடுவே ஏதோ ஒரு பூச்சி பறந்தது. தட்டுக்கு இடப்பக்கம் மண் தெறித்தது.

"இடது, ஒரு அடி" என்றான்.

மறுபடி சுட்டாள். மறுபடி பூச்சி. இந்தக் குளிரில் ஏது பூச்சி என்று ஒரு கணம் தோன்றியது. மூன்றாவதற்குக் கண்ணை இமைக்காமல் வைத்திருந்தான்.

அது பூச்சி இல்லை. குழலிலிருந்து கிளம்பிய ஒரு வெளிச்சப் புள்ளி, நனைந்த கறுப்பு மண்ணுக்கு எதிரே வெள்ளிப் பொட்டு மாதிரி, கொஞ்சம் மேலே ஏறி, வளைந்து, நிதானமாக, ஆமாம், நிதானமாக என்றுதான் அவனுக்குத் தோன்றியது, தட்டை நோக்கி இறங்கிப் போனது. தட்டின் ஓரத்தில் சாம்பல் பூ ஒன்று விரிந்தது. அதற்குப் பிறகுதான் "டிங்" என்ற சத்தம் வந்து சேர்ந்தது.

வெர்லின் பைனாகுலரை இறக்கவில்லை. என்ன ஆச்சு, எங்கே பட்டது என்று அவள் கேட்டாள். அவன் இன்னொன்று சுடச் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். ஐந்தாவது தடவை பைனாகுலரை இறக்கியபோது அவன் கண்ணில் தண்ணீர். இமைக்காமல் பார்த்ததால் இருக்கலாம்.

"மார்லிஸ், குண்டு தெரியுது."

"எங்க, தட்டுலயா?"

"இல்ல. போகும்போது. பறந்து போகும்போது தெரியுது."

அவள் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மத்தியானம் எத்தனை பாட்டில் காலி செய்தாய் என்று கேட்டாள். கோர்டியும் சிரித்தார். அறுபது வருஷமாகச் சுடுகிறேன், குண்டைப் பார்த்தேன் என்று சொன்ன முதல் ஆள் நீதான் என்றார். வெர்லின் எழுந்து, அவரைத் தோளைப் பிடித்து அதே நாற்காலியில் உட்கார வைத்து, பைனாகுலரைக் கையில் கொடுத்தான். மார்லிஸ் சுட்டாள். கோர்டி ஒன்றும் காணோம் என்றார். மறுபடி சுட்டாள். அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பைனாகுலரை எடுக்காமலேயே, மெதுவாக, "அடக் கடவுளே" என்றார்.

பிறகு அவரே காரணம் சொன்னார். சூரியன் முதுகுக்குப் பின்னால், எதிரே கறுத்த மண். ரைஃபிள் குண்டு என்றால் கண் பிடிக்க முடியாது. இது குட்டிப் பிஸ்டல், மெதுவாகப் போகிற குண்டு. அதோடு புதிதாக வார்த்த ஈயம், அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. நாலும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டன. காரணம் தெரிந்த பிறகும் வெர்லினுக்கு ஆச்சரியம் குறையவில்லை. வாளியில் கிடந்த அழுக்கு ஈயம், அவள் கையால் உருகி, அவள் கையால் உருவெடுத்து, இப்போது வெயிலை ஏந்திக்கொண்டு ஆகாயத்தில் ஒரு வளைவு போடுகிறது. அது போகும் வழியை அவன் பார்த்திருக்கிறான்.

சுடுகிறவருக்கு அது தெரியாது. கை குதிக்கும், புகை மறைக்கும். மார்லிஸுக்கு அது புரிந்ததும் பிஸ்டலைக் காலி செய்து மேசைமேல் வைத்தாள்.

"நீ சுடு. நான் பார்க்கணும்."

வெர்லின் அதை இதுவரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவன் பெரிய கைக்குள் அது காணாமல் போயிற்று. விசையில் விரலை நுழைக்கவே இடம் போதவில்லை. மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, பைனாகுலரைப் பிடித்துக்கொண்டாள். அவன் தட்டைக் குறிபார்த்து, மூச்சை நிறுத்தி, அழுத்தினான்.

பார்த்தாயா என்று திரும்பாமலேயே கேட்டான். அவள் இன்னொன்று கேட்டாள். சுட்டான்.

"கொஞ்சம் மேல ஏறிட்டு அப்புறம் இறங்குது" என்றாள் கடைசியில். மிகவும் தணிந்த குரல். பிரசவ அறையில் மகளை முதல்முதலாக மார்மேல் வைத்தபோது அந்தக் குரலில் அவள் பேசி அவன் கேட்டிருக்கிறான். "அவசரமே படலை பாரு. அதுக்குத் தெரியுது எங்க போகணும்னு."

"நான் சுட்டதுல தட்டுல பட்டுச்சா?"

"இல்ல. ரெண்டடி தள்ளி. அதை விடு. இன்னொன்னு சுடு."

அவன் சுட்டான். மேகசினை அவளே நிரப்பிக் கொடுத்தாள், உடனே பைனாகுலருக்குத் திரும்பிவிட்டாள். சூரியன் பின்னால் இறங்கிக்கொண்டே இருந்தது. மேசைகளின் நிழல் நீண்டு சுவரின் அடியைத் தொட்டு, மெல்ல மேலே ஏறியது. பெட்டியில் இன்னும் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே அவள் வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் காத்திருந்தான். அவள் "ம்" என்றதும் சுட்டான்.